நூருன்னிஸா மிஸ்ஸின் வலது மூலை

"இந்தக் கையில இருபத்தெட்டு வருஷமா ஒரு பிழை வரல்ல. இனி வரவும் வராது."

சென்ற பெப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்றேகால் மணிக்கு வெளியிடப்பட்ட பிரகடனம் இது. இடம், மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகும் வீதியில் உள்ள ஒரு மூலிகைக் கம்பனியின் ஆய்வுகூடம். அதிலும் பணிப்பாளர் அறை. கேட்டவர்கள், கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கனவான்கள் இருவர். வெளியிட்டவர் மூத்த தொழினுட்ப உத்தியோகத்தர் நூருன்னிஸா. அவரது இடது கையில் பட்டர் கேக் வைத்த தட்டு இருந்தது. பேசப்பட்டது வலது கையைப் பற்றி என்பதால் அதை அவர் தோள்மட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

கனவான்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வயதுக் கை. ஒட்ட வெட்டிய நகம். வளையல் இல்லை. வளையல் கிணுங்கினால் சொட்டு அளக்கும் பிப்பெட் அசையும் என்று அவர் கழற்றி வைத்துப் பல வருடமாகிறது. பார்த்த கனவான்களில் ஒருவர் தலையை ஆட்டினார். மற்றவர் இன்னொரு துண்டு கேக் எடுத்தார். பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக நூருன்னிஸா கருதினார்.

இத்தகைய கை எங்கிருந்து வந்தது என்பதை நாடு அறிய வேண்டும். நூருன்னிஸா உக்குவளையில் பிறந்தார். உயர்தரத்தில் உயிரியல் படித்தார். ஆறு புள்ளிகளால் வைத்தியபீடம் அவரை இழந்தது. இழந்தது தான் அல்ல, வைத்தியபீடம்தான் என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகமில்லை. அதன்பின் இந்தக் கம்பனியில் போத்தல் கழுவச் சேர்ந்தார். அவர் போத்தல் கழுவிய விதத்தைக் கண்டு மிரண்ட அன்றைய நிர்வாகம், அவரைக் கொஞ்ச காலம் வேறெங்காவது வைத்திருக்க எண்ணி மூன்று மாதப் பயிற்சிக்குக் கண்டிக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது புரதங்களைப் பிரிக்கப் படித்திருந்தார். மனிதர்களைப் பிரிப்பதற்கு அவருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

மாத்தளைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பஸீர் இவரது கணவர். "எங்கட வீட்டு ஆணத்தில உப்புக் கூடினா ஒண்டு உப்புட பிழை, இல்லாட்டி என்ட நாக்குட பிழை. மூணாவது ஆள் மேல கேஸ் போட ஏலா" என்று அவர் வாடிக்கையாளரிடம் சொல்வதுண்டு. மனைவி கடைப் பக்கம் வராத நாட்களில் சற்று உரக்கவும் சொல்வதுண்டு.

இனி, அந்தக் கை செய்த வேலை.

தட்டுகளில் உயிர்க்கலங்களை வளர்ப்பார்கள். அவற்றுக்குக் கம்பனியின் பச்சைப் போத்தல் சாற்றைக் கொடுத்து ஒரு நாள் வைப்பார்கள். பிறகு ஐஸின் மேல் வைத்துக் கலங்களை உடைத்தால், உள்ளே இருந்த ஆயிரக்கணக்கான புரதங்கள் வெளியே வரும். அந்தக் கூட்டத்தில் வீக்கத்தை உண்டாக்கும் புரதம் ஒன்று உண்டு. சாறு அதைக் குறைக்கிறது என்று கம்பனி நம்பியது. போத்தலில் அப்படி அச்சடிக்கவும் விரும்பியது. நம்பிக்கைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தடையாக ஆய்வுகூடம் இருந்தது.

உடைத்தெடுத்த புரதங்களை மெல்லிய ஜெல் தகடு ஒன்றின் மேல்விளிம்பிலுள்ள ஆறு குழிகளில் ஊற்றுவார்கள். முதற்குழியில் சாறே குடிக்காத கலங்களின் புரதம். இரண்டாவதில் கொஞ்சம் குடித்தவை. அப்படியே ஏறி, ஆறாவதில் மூக்குமுட்டக் குடித்தவை. கரண்ட் கொடுத்ததும் எல்லாம் கீழ்நோக்கி ஓடும். முத்துமாரியம்மன் தேரன்று மாத்தளைக் கடைவீதியில் அகப்பட்டவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஒல்லியானவர் இடுக்கில் நுழைந்து பஸ் தரிப்பிடம் வரை போய்விடுவார். பருத்தவர் சர்பத் கடை வாசலிலேயே நின்று வியர்ப்பார். ஜெல்லும் ஆளின் அளவு பார்த்து அங்கங்கே நிறுத்தும்.

ஓட்டம் முடிந்ததும் ஜெல்லின்மேல் வெள்ளைச் சவ்வுத்தாள் ஒன்றை வைத்து, இரு புறமும் கடதாசியும் பஞ்சும் அடுக்கி, இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் முட்டை வைத்ததுபோல் அமுக்கி மறுபடி கரண்ட் கொடுப்பார்கள். புரதங்கள் நின்ற நிலையிலேயே தாளுக்கு மாறும். தாளின் வெற்றிடங்களைக் கொழுப்பில்லாத பால்மாக் கரைசலால் அடைத்துவிட்டு, பிறபொருளெதிரியை ஊற்றுவார்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குள் தன் பழைய விரோதியை மட்டும் தேடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கும் ஆளைப்போல, அது ஆயிரம் புரதத்தையும் தாண்டித் தனக்கு வேண்டிய ஒன்றையே பிடிக்கும். பிடித்த இடம் இருட்டில் ஒளிரும்படி ஏற்பாடு உண்டு. அந்த ஒளியை எக்ஸ்ரே பிலிமில் எடுத்தால் ஆறு கறுப்புக் கோடுகள். கோடு தடித்திருந்தால் புரதம் அதிகம். மெலிந்திருந்தால் குறைவு.

பிலிமை இந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம், அந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம். புரட்டினால் முதலாவது கோடு ஆறாவதாகிவிடும். முன்பெல்லாம் ஓரத்தில் சாயம் போட்ட அளவுப் புரதங்களையும் ஓடவிடுவார்கள். அவை நின்ற பக்கம் இடது என்று குழந்தையும் சொல்லும். டொலர் இல்லாமற்போன வருடத்தில் கம்பனி அவற்றை இறக்குமதி செய்வதை நிறுத்தியது; டொலர் திரும்பி வந்த பிறகும் அந்தச் சிக்கனம் திரும்பிப் போகவில்லை. ஆகவே இடம் வலம் அறிய ஒரே வழி, கரண்ட் கொடுக்குமுன் சவ்வுத்தாளின் மேல்மூலை ஒன்றைக் கத்தரித்துவிடுவது.

எந்த மூலை? முதற்குழி இருக்கும் இடது மூலை என்று ஆய்வுகூடக் கையேடு சொன்னது. நூருன்னிஸா வலது மூலையை வெட்டினார். பழைய கட்டடத்தில் அவரது மேசையின் இடப்பக்கம் சுவர் இருந்தது. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு முழங்கையை மடக்க அங்கே இடமில்லை. அந்தச் சுவரை இடித்துப் பதினைந்து வருடமாகிறது. நூருன்னிஸாவின் முழங்கைக்கு அந்தச் செய்தி கிடைக்கவில்லை.

கையேட்டின்படி இடது மூலையை வெட்டியவர் புஷ்பவதி. அதே ஆய்வுகூடத்தின் இரண்டாவது தொழினுட்ப உத்தியோகத்தர். நாற்பத்தாறு வயது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கலங்களை வளர்ப்பது அவர் வேலை. தன் வீட்டு மனிதருக்குக் காட்டாத பொறுமையைத் தட்டிலுள்ள கலங்களுக்குக் காட்டுவார்.

இவர்கள் இருவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. காரணம் சிறியதல்ல. புஷ்பவதி ஒருநாள் பிப்பெட்டைக் கீழே போட்டுவிட்டார். நூருன்னிஸா, சமையலறைவரை கேட்கும் குரலில், "கொழுந்து பறிக்கிற கைக்கு பிப்பெட் என்னத்துக்கு?" என்றார். புஷ்பவதி பிப்பெட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு சொன்னார்: "எங்கம்மா கை ஒரு நாளைக்கு இருபது கிலோ எடுத்துச்சிங்க மிஸ். யாரையும் கூப்புட்டுக் காட்டல. நீங்க ஒரு சொட்டு எடுக்குறதுக்கு ஊரக் கூட்டுறீங்க."

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அறை, ஒரே குளிர்சாதனப் பெட்டி, ஒரே ஜெல் தொட்டி. இடையில் தூது போக பொன்னையா. அறுபது வயதை எட்டும் அலுவலக உதவியாளர். தேத்தண்ணீர், தபால், தரை துடைப்பு ஆகியவற்றோடு இந்த இராஜதந்திரப் பொறுப்பும் அவருக்குச் சம்பள உயர்வின்றி வழங்கப்பட்டிருந்தது. முதல் இரண்டு மாதம் அவர் எல்லாவற்றையும் சொன்னபடியே கொண்டுபோனார். இரு பக்கத்திலும் ஏச்சு வாங்கினார். அதன்பின் ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சொல்றதுல மரியாதையா இருக்குறத மட்டும்தான் கொண்டு போவேங்க" என்று அவர் காவற்காரரிடம் விளக்கினார். "அதனாலதான் நான் எப்பவும் கைய வீசிக்கிட்டு நடக்குறேன்."

அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். காலையில் கரண்ட் போய், இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தது. அதனால் நூருன்னிஸா ஊற்றிய ஜெல் மூன்று மணிக்குத்தான் ஓடி முடிந்தது. அதே மூன்று மணிக்குக் கொழும்புக் கனவான்களும் வந்து இறங்கினார்கள். முடிந்த ஜெல்லை உடனே தாளோடு சேர்க்காவிட்டால் உள்ளே நிற்கும் புரதங்கள் தண்ணீரில் விழுந்த மைபோல் கரையத் தொடங்கும். ஆனால் பணிப்பாளர் கூப்பிடுகிறார். கேக்கும் இருக்கிறது.

"பொன்னையா, ஜெல்ல எடுத்துத் தாளோட அடுக்கிக் கரண்ட் குடுங்க. நூறு தரம் பாத்தீக்கிறீங்கதானே. வலப் பக்க மூலைய வெட்டுங்க. மறந்துராதீங்க."

"சரிங்க மிஸ்."

நூருன்னிஸா போனார். அரை நிமிடத்தில் பணிப்பாளர் அறை மணி அடித்தது. விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணீர். பொன்னையா கையுறையைப் போடுவதா கோப்பைத் தட்டைத் தூக்குவதா என்று நடு அறையில் நின்றார்.

"என்னாண்ணே, சாமி வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றார் புஷ்பவதி.

"ஜெல்ல அடுக்கச் சொன்னாங்க. அங்கிட்டு மணி அடிக்குது."

"ராணியம்மாவுக்கு ஜெல்ல விட கேக்கு பெருசாப் போச்சாக்கும். போங்க, போய்த் தேத்தண்ணி குடுங்க."

விரோதியின் ஜெல் கரைவதைக் கதிரை போட்டு உட்கார்ந்து பார்க்க அன்று புஷ்பவதிக்கு அருமையான வாய்ப்பு. ஆனால் அந்த ஆறு குழிகளுக்குள் இருந்தவை அவர் இரண்டு வாரம் வளர்த்த கலங்கள். ஆகவே கையுறை போட்டார்; ஜெல்லை எடுத்தார்; தாளை வைத்தார்; கையேடு சொன்னபடி இடது மூலையை வெட்டினார்; அடுக்கி அமுக்கிக் கரண்ட் கொடுத்தார். வெறும் தட்டோடு திரும்பிய பொன்னையாவிடம் சொன்னார்:

"அந்தம்மாகிட்ட சொல்லிடுங்கண்ணே. நீங்க அங்க பல்லக் காட்டிக்கிட்டு இருந்தப்ப, உங்க ஜெல்லு கூழாகாம நான்தான் அடுக்கி வச்சேன். மூலை இடது பக்கம் வெட்டியிருக்கு. அதையாச்சும் கண்ணத் தொறந்து பாக்கச் சொல்லுங்க."

பொன்னையா இந்தச் செய்தியைத் தம் கொள்கைப்படி ஆராய்ந்தார். அதில் மரியாதையாக எதுவும் அகப்படவில்லை. கேக் வாசனையோடு நூருன்னிஸா வந்து, "ஆச்சா?" என்று கேட்டபோது, "ஆச்சுங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இருட்டறையில் பிலிம் கழுவப்பட்டது. வெட்டிய மூலை வலப்பக்கம் என்பது நூருன்னிஸாவுக்குச் சூரியன் கிழக்கு என்பதுபோல. பிலிமைத் தாளோடு பொருத்தி, வெட்டிய மூலை வலப்பக்கம் வருமாறு பிடித்தார். அப்படிப் பிடிப்பதற்குப் பிலிமைப் புரட்ட வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. இடமிருந்து வலமாகக் கோடுகள் மெலிந்து மெலிந்து இறங்கின. இறங்குபடிக்கட்டு. சாறு கூடக்கூட வீக்கப் புரதம் குறைகிறது.

ஆய்வுகூடப் பணிப்பாளர் டொக்டர் றினோஸ், மாத்தளையில் மருந்துச் சீட்டுக் கேட்டு வருவோரிடம் தாம் அந்த டொக்டர் இல்லை என்று விளக்கியே களைத்துப்போனவர். அன்று அவர் களைப்பு நீங்கியது. பிலிமைச் சட்டம் போடச் சொன்னார். 'வீக்கத்தைத் தணிக்கும்' என்று லேபல் வரைந்து கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பு ஒரே நாளில் சம்மதித்தது. அது வேறெந்த விடயத்துக்கும் ஒரே நாளில் சம்மதித்ததாகப் பதிவில்லை.

ஆனால் எந்த முடிவையும் இரண்டாவது ஆள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வெறும் சம்பிரதாயம்தானே என்று டொக்டர் றினோஸ் அந்த வேலையைப் புஷ்பவதியிடம் கொடுத்தார். புஷ்பவதி புதிதாகக் கலம் வளர்த்து, உடைத்து, ஊற்றி, ஓட்டி, எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து, மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை பிலிமைக் கொண்டுவந்து ஒளிப்பெட்டியில் வைத்தார். கோடுகள் இடமிருந்து வலமாகத் தடித்துத் தடித்து ஏறின. சாறு கூடக்கூட வீக்கப் புரதமும் கூடுகிறது. லேபலை நம்பி வாங்குபவர் வீங்கிப்போவார்.

நூருன்னிஸா பொன்னையாவின் பக்கம் திரும்பினார். "செல்லுங்க அவங்களுக்கு. குழிய மாத்தி ஊத்தினா இப்பிடித்தான் வரும். கண்ணாடி போட வேண்டிய வயசில கண்ணாடி போடணும்."

பொன்னையா வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. புஷ்பவதி இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"பொன்னையாண்ணே, நீங்க சொல்லுங்க. எனக்கு ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் எண்ணத் தெரியும். தோட்டத்து ஸ்கூல்ல அது வரைக்கும் சொல்லிக் குடுத்தாங்க."

"அதுக்கு மேல சொல்லிக் குடுக்கல்ல போல."

"அதுக்கு மேல படிச்சவங்கதான் கேக்குத் தட்டோட நிக்கிறாங்களே, பாக்குறோமே."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றார் டொக்டர் றினோஸ். அவர் நெற்றியைத் தேய்த்தார். இருபத்தெட்டு வருடப் பிழையில்லாத கை ஒரு பக்கம், கையேடு படிக்கும் கை மறுபக்கம், நடுவில் அச்சகம். அவருடைய விஞ்ஞான மூளை ஒரு நிமிடத்தில் தீர்ப்புக்கு வந்தது. "புஷ்பவதி மிஸ், உங்களுக்கு இந்த வேலை கொஞ்சம் கஷ்டமா இருக்கு போல. திங்கட்கிழமையிலிருந்து பெக்கிங் பகுதிக்குப் போங்க. அங்க ஆள் தேவைப்படுது."

பெக்கிங் பகுதி முற்றத்துக்கு அப்பால் தகரக் கூரையின் கீழ் இருந்தது. போத்தலை எடுத்து, லேபல் ஒட்டி, பெட்டியில் அடுக்கும் வேலை. தன் தோட்டத்திலிருந்து வெள்ளைக் கோட் போட்ட முதல் ஆள் புஷ்பவதி. அந்தக் கோட் எப்போது கழலும் என்று பத்து வருடமாகக் காத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத் தோழிகள் ஒன்பது பேர் அங்கே இருந்தார்கள். இனி அவர்கள் முன்னால் உட்கார்ந்து, தான் பொய் என்று கண்ட லேபலைத் தன் கையாலேயே ஒட்ட வேண்டும்.

"சேர், இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்க" என்றார். "நான் தொடல. அவங்களே ஓட்டட்டும். அவங்க கையில எறங்குனா நான் திங்கட்கெழம தானாப் போறேன்."

"ஓட்டுறன்" என்றார் நூருன்னிஸா, பணிப்பாளரைப் பார்த்து. "நாளைக்கே ஓட்டுறன். சனிக்கிழமைக்குப் பிலிம் மேசையில ஈக்கும். பெறகு ஒத்தரும் வாய் தொறக்கப்படாது."

அவர் ஓட்டினார். புஷ்பவதி வளர்த்துச் சாறு கொடுத்த கலங்களில் மீதமானவை உறைநிலையில் இருந்தன. அவற்றை எடுத்து ஐஸில் வைத்து உடைத்தார். ஆறு குழிகளிலும் ஊற்றும்போது ஒவ்வொரு குழியின் எண்ணையும் உரக்கச் சொல்லி ஊற்றினார். பொன்னையாவை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். பணிப்பாளர் கூப்பிட்டபோது "ஜெல் ஓடுது" என்று சொல்லிப் போகாமல் இருந்தார். வெள்ளிக்கிழமை கரண்டும் பயந்து நிற்காமல் இருந்தது. முடிந்த ஜெல்லைத் தானே எடுத்து, தாளைத் தானே வைத்து, இல்லாத சுவரில் முழங்கை படாமல் மடக்கி, வலது மூலையைத் தானே வெட்டினார். புஷ்பவதி தன் மேசையில் இருந்தபடி அத்தனையையும் பார்த்தார். சுருட்ட வேண்டிய வெள்ளைக் கோட்டைச் சுருட்டாமல் கதிரையில் மாட்டி வைத்திருந்தார்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு நூருன்னிஸா இருட்டறைக் கதவைச் சாத்தினார்.

சிவப்பு விளக்கின் கீழ் பிலிம் தட்டுக்குள் மெல்லக் கறுத்தது. ஆறு கோடுகள். கழுவி, நீர் சொட்டத் தூக்கி, சவ்வுத்தாளோடு பொருத்தி, வெட்டிய மூலை வலப்பக்கம் வரப் பிடித்தார்.

கோடுகள் ஏறின.

அவர் பிலிமைத் தட்டில் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார். ஏறின. விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். ஏறின. பின்னர் புரட்டினார், இறங்கின. அழகாக, போன தடவை மாதிரியே, சட்டம் போடத்தக்க விதமாக இறங்கின. மறுபடி புரட்டினார். மறுபடியும். நாலாவது தடவை புரட்டியபோது கை நின்றது. முதலாவது பிலிம் எப்படி அவ்வளவு அழகாக இறங்கியது என்பது அவருக்கு அப்போது விளங்கிவிட்டது.

கழுவிய பிலிமில் மூலை எந்தப் பக்கம் என்று மார்க்கர் பேனையால் கோடு போடுவது வழக்கம். போடும்வரை அந்தப் பிலிம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. உள்ளே வேறு ஆள் இல்லை. சவ்வுத்தாள் ஈரமாக அவர் கையில் இருந்தது. அதைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடக் கால் நிமிடம் போதும். பேனை மூடியைக் கழற்றினார். கழற்றி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்பதை, வெளியே இருந்த பொன்னையா இரண்டு முறை தேத்தண்ணீர் கொண்டுவந்து இரண்டு முறையும் ஆறிப்போனதைத் திருப்பிக்கொண்டு போனதிலிருந்து கணிக்கலாம்.

கதவு திறந்தது. நூருன்னிஸா நேரே புஷ்பவதியின் மேசைக்குப் போனார்.

"அண்டைக்கி, கேக் வந்த நாள், ஜெல்ல அடுக்கினது யாரு?"

ஆறு வருடத்துக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை அது. புஷ்பவதி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்."

"மூலை?"

"இடது."

"ஏன் செல்லல்ல?"

"சொன்னேனே. அண்ணன்கிட்ட சொல்லிவிட்டேன்."

இருவரும் பொன்னையாவைப் பார்த்தார்கள். இரு நாடுகளும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பார்ப்பது தூதருக்கு நல்லதல்ல. பொன்னையா கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னதுல அந்தம்மா பல்லக் காட்டுறாங்கன்னு இருந்திச்சி" என்றார். "கூழுன்னும் இருந்திச்சி. அத நான் எப்பிடிங்க கொண்டு போவேன்?"

"மூலைய மட்டும் செல்லலாமே."

"அத மட்டும் தனியாப் பிரிச்சி எடுக்க எனக்குத் தெரியலிங்க மிஸ். அது உங்க வேல."

புஷ்பவதி "பார்த்தீர்களா" என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்தது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அதை நூருன்னிஸா வாசித்ததும் தெரிந்தது. மன்னிப்பு என்று ஒன்று கேட்கப்படவும் இல்லை, எதிர்பார்க்கப்படவும் இல்லை.

டொக்டர் றினோஸ் அறையில் லேபல் மாதிரி மேசைமேல் விரித்தபடி இருந்தது. பச்சையில் தங்க எழுத்து. நூருன்னிஸா மூன்று பிலிம்களையும் பக்கத்தில் வைத்தார். முதலாவதைச் சட்டத்திலிருந்து கழற்றி, புரட்டி வைத்தார். மூன்றும் ஏறின.

பணிப்பாளர் மூன்றையும் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், இது பிலிம்தானே. ரெண்டு பக்கமும் பார்க்க ஏலும்தானே. முந்தி வைச்ச மாதிரியே வையுங்களேன். கொழும்புக்கு உங்கட கைய நான் எவ்வளவு உயர்த்திச் சொல்லி வைச்சிருக்கேன்."

"தெரியும் சேர். நானும் சென்னன்."

"அப்ப?"

"பதிவேட்டைத் தாங்க."

அவர் தரவில்லை. நூருன்னிஸா மேசையைச் சுற்றிப் போய் அதைத் தானே எடுத்தார். முதலாவது முடிவு எழுதிய பக்கத்தைத் திறந்தார். அவரது எழுத்து, எழுதிய நாளில் அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டிருந்தார். நின்றபடியே குறுக்காக ஒரு கோடு கீறி, ஓரத்தில் எழுதினார்: பிழை. பிலிமைப் புரட்டிப் பார்த்தது நான். புஷ்பவதி எடுத்த முடிவு சரி.

கீழே கையெழுத்தும் திகதியும் வைத்தார். மை காயும்வரை நின்று, பதிவேட்டைப் பணிப்பாளர் வாசிக்கக்கூடிய பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, ஜெல் தொட்டியைக் கழுவப் போனார்.